என்னைத் தள்ளியவள் பிடித்த பிடி

முதலில் அடித்தது நான்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு நான் சுருண்டு கிடந்த கோலத்தைப் பார்த்த எல்லோரும் என் தங்கையைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் அப்பா அம்மா விட்டுப்போன மூவறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, அவளுக்கு நாற்பத்தொன்பது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நான் தேக்காவில் ஒரு மாடிக் கடையில் ரவிக்கை தைக்கிறேன். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், நாற்காலிக்கு மாற்றுவதும் அவள் வேலை.

நான் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

இல்லத்தில் வேன் ஓட்டுபவராம். மனைவியை இழந்தவராம். பாசிர் ரிஸ்ஸில் வீடாம்.

"எப்பத்திலேருந்து?" என்றேன்.

"ரெண்டு வருஷமா."

ஒரே சமையலறை, ஒரே கழிப்பறை, ஒரே தொலைக்காட்சி. இரண்டு வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியைக் கழுவினேன். அதன் இடத்தில் சொருகி வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் திரும்பி அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

வெளியாட்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. அப்பா ரோத்தான் பிரம்பால் எங்களை விளாசியவர். அவர் என்னை அடிப்பார், நான் அவளை அடிப்பேன், அவள் என்னைக் கடிப்பாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகியும் கை மட்டும் நிற்கவில்லை. உப்பு கூடிப்போனதற்காகக் கரண்டி பறந்திருக்கிறது. குளியலறையில் அதிக நேரம் இருந்ததற்காகக் கதவை உடைத்திருக்கிறாள். முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நகத்தால் கீறிக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து எதிரெதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஒரு தடவை போலீசைக்கூடக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரரிடம் நாங்கள் இருவரும் சேர்ந்து சண்டை போட்டோம்.

அன்றைக்கு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். தினமும் எண்பது கிலோ ஆட்களைத் தூக்கும் கைகள். மீன் தண்ணீர் சிந்திய தரையில் என் கால் வழுக்கியது. சமையல் மேடையின் சிமெண்டு விளிம்பு இடுப்புக்கு நடுவே இடித்தது. அப்படியே உடம்பு முறுக்கிக்கொண்டு தரையில் விழுந்தேன்.

என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. இடுப்பில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகி, அதை இடது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இழுத்த மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தால் குத்தியது. விட்டால் குத்தியது.

"நடிக்காத. எந்திரி," என்றாள்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் குனிந்து என் அக்குளில் கை கொடுத்தாள். அந்த வலியில் அவள் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வந்தது. அவள் கையை உருவவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் நடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடுத்த நிமிஷம் அவள் குரலே மாறிவிட்டது.

"அக்கா, வாயைத் திற. சரி. கால் விரலை ஆட்டு. அந்தக் காலையும். முட்டியை மடக்கு. நான் சொல்றப்ப ஒரே கட்டையாப் பெரளணும், இடுப்பைத் திருப்பாத. மூச்சை அடக்காத லா, விடு. ஒண்ணு, ரெண்டு..."

அந்த வீட்டில் அவள் கை என்மேல் அவ்வளவு மெதுவாகப் பட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவளை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

மறுநாள் காலை பாலிகிளினிக்கில் ஓர் இளம் பெண் மருத்துவர் என்னைப் பார்த்தார். முழங்காலில் தட்டினார், காலைத் தூக்கச் சொன்னார், பாதத்தை அழுத்தச் சொன்னார். எப்படி நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவர் பார்வை என் தங்கையின் கன்னத்துக்கும் கட்டுப் போட்ட மணிக்கட்டுக்கும் போய் வந்தது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இடுப்பு வெட்டி இழுத்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அவளைக் கேளுங்க டாக்டர். அறைந்தது நான், கடித்ததும் நான்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. எதையோ தட்டச்சு செய்தார். ஒரு குடும்பச் சேவை நிலையத்தின் தாளை எடுத்து என் பையில் அவரே வைத்தார்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. நரம்பை எதுவோ அழுத்துகிறது போலிருக்கிறது, மருத்துவமனையில் முதுகு நிபுணர் பார்க்க வேண்டும் என்றார். அப்பாய்ன்ட்மென்ட் ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது.

"ஏழு வாரம் நான் என்ன பண்றது?"

அவர் தங்கையை மறுபடி உள்ளே அழைத்து, இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். படுத்தே கிடக்காதீர்கள், கொஞ்சமாக நடங்கள், ஆனால் அடிக்கடி நடங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்ன அளவில் மட்டும் போடுங்கள், வேறு யாருடைய மாத்திரையையும் வாங்கிப் போடாதீர்கள். குனிந்து எதையும் தூக்க வேண்டாம். இடுப்பை முறுக்க வேண்டாம். யாரையும் முதுகில் ஏறி மிதிக்கவோ நெட்டி எடுக்கவோ விடாதீர்கள். கடைசியில் விரல் நீட்டிச் சொன்னது இது. கால் பலம் இழந்தால், தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனால், சிறுநீர் வராமல் போனால் அல்லது அடக்க முடியாமல் போனால், காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் தங்கை பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். எனக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்திருந்தார்கள். தைக்கும் வேலைக்கு உட்கார்ந்தே இருக்க வேண்டும். உட்கார்வதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. ஐந்து நிமிஷம் நாற்காலியில் இருந்தால் இடது பிட்டத்தில் நாய் கவ்வியது போல ஒரு வலி பிடிக்கும்.

வலி என்னை நல்லவளாக்கவில்லை. வலி மனிதர்களைப் பக்குவப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அவர்கள் வலியைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் கெட்டவளானேன். கையால் முடியாததை வாயால் செய்தேன். காலையில் அவள் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வைப்பாள். எழுந்து நின்றதும் முதல் வார்த்தையாக, "புருஷன் கெடைக்கிற வயசாடி இது," என்பேன். என் முட்டிகளுக்கு நடுவே தலையணை வைப்பாள். "அவன் முதுகுக்கும் இப்படித்தான் வைக்கிறியா," என்பேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையைச் சரி செய்வாள். வேலைக்குப் போனால் அரை மணிக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள்.

"எந்திரிச்சு நடந்தியா?"

"செத்துட்டேன்."

"செத்தாலும் பரவால்ல. காரிடார்ல ரெண்டு நடை நடந்துட்டுச் சாவு."

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சூடு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். இருபது நிமிஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது, தோல் வெந்துவிடும் என்று எடுக்க வந்தாள். அந்தச் சூடு மட்டும்தான் அன்று எனக்கு இருந்த ஒரே சுகம். கொடுக்க மாட்டேன் என்றேன். அவள் பிடுங்கினாள். நான் இழுத்து, அதையே அவள் முகத்தைப் பார்த்து வீசினேன். அது அவள் காதில் பட்டுச் சுவரில் மோதி வெடித்து, தண்ணீர் எங்கும் தெறித்தது.

அவள் கையை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அடிக்க மாட்டாளா என்று இருந்தது. அடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அடி விழவில்லை. சமையலறையில் சத்தம் கேட்டது. தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் அடித்து உடைத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படாமல், அலமாரியில் இருந்த பீங்கான் தட்டு அத்தனையையும் உடைத்தாள். பிறகு துடைப்பம் எடுத்துக் கூட்டினாள். நான் வெறுங்காலோடு நடப்பேன் என்று தரையில் ஈரத் துணி வைத்து ஒவ்வொரு சில்லாக ஒற்றி எடுத்தாள். அன்று இருவரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மூன்றாம் வாரம் நான் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். ரவிக்கை தைக்க வரும் ஒரு வாடிக்கையாளர் போனில் விசாரித்தபோது, லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியில் முதுகு பிடித்துவிடும் பெண் இருப்பதாகவும், மூன்றே மிதியில் தன் அத்தையை நடக்க வைத்ததாகவும் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கடந்துதான் போனேன். படித்தேன்கூட. என் தங்கை எழுத்தில் இருந்ததாலேயே அதை மீற வேண்டும் போலிருந்தது.

குறுகலான படிகள். மேலே ஒரு அறை, ஒரு பாய், தைல நெடி. அந்தப் பெண் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். எங்கே வலி என்று மட்டும் கேட்டாள். சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு என் இடுப்பில் ஏறினாள்.

முதல் மிதியில் கத்தினேன். "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்குங்க," என்றாள். இரண்டாவதில், "எறங்கு! எறங்குடி!" என்று அலறினேன். அவள் குதிகாலை ஊன்றித் திருகினாள். உள்ளே ஏதோ நழுவிப் போன மாதிரி இருந்தது. இடது காலில் மின்சாரம் பாய்ந்து, பிறகு அங்கே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. நான் கையைப் பின்னால் வீசினேன். அவள் கணுக்கால் கையில் மாட்டியது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். அவள் கம்பியை விட்டுத் தடாலென்று பாயில் விழுந்தாள். விழுந்தவள் எழுந்து என் தோளில் ஓங்கிக் குத்தினாள். நான் தைலக் குப்பியை எடுத்து எறிந்தேன். அது அவள் மேல் படவில்லை, சுவரில் பட்டு உடைந்தது. இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள், ஒருத்தி தரையில் தவழ்ந்தபடி, ஒருத்தி முழங்காலைப் பிடித்தபடி, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டோம். வெளியே தெருவில் யாரோ பூ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவரைப் பிடித்து எழுந்து நின்றபோது இடது பாதத்தின் முன்பகுதி மேலே வரவில்லை. நடந்தால் செருப்பு தரையில் தேய்ந்தது. படியில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் பண்ணினேன்.

அவள் இல்லத்துச் சீருடையிலேயே டாக்சியில் வந்தாள். திட்டுவாள் என்று பதிலுக்குப் பேசத் தயாராக இருந்தேன். அவள் படியில் மண்டியிட்டு என் செருப்பைக் கழற்றினாள்.

"பெருவிரலைத் தூக்கு."

தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். விரல் பாதிதான் வந்தது.

டாக்சியில் ஏறியதும் ஓட்டுநரிடம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னாள். பிறகு, ஓட்டுநர் தமிழர் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், வரிசையாகக் கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போனியா? எப்ப?"

"மெதுவாப் பேசுடி."

"எப்பன்னு கேட்டேன்!"

"காலைல... பதினோரு மணிக்கு."

"ஒழுங்கா வந்துச்சா? உக்கார்ற எடத்துல உணர்ச்சி இருக்கா? தொடைக்கு நடுவுல? கிள்ளுறேன், தெரியுதா சொல்லு."

கிள்ளினாள். வலித்தது. வலித்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டுநர் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அவசரப் பிரிவில் மறுபடி அதே தட்டல், அதே ஊசி முனைச் சோதனை, கூடவே இன்னும் கூச்சமான சோதனைகள். ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். காத்திருந்தபோது தள்ளு கட்டிலில் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் கைப்பையை என் முட்டிகளுக்கு நடுவே சொருகினாள். பக்கத்தில் நின்றாள். அவள் மணிக்கட்டில் என் பல் பட்ட தடம் பழுப்பாக மாறியிருந்தது.

"இல்லத்துல ஒரு தாத்தா இருக்காரு," என்றாள். என்னைப் பார்க்கவில்லை, திரைச்சீலையைப் பார்த்துப் பேசினாள். "நெனவு தப்பினவரு. குளிப்பாட்டப் போனா தெனம் என்னை அறைவாரு. போன மாசம் மூக்குல குத்தினாரு. பத்தொன்பது வருஷமா வேலை பாக்குறேன். ஒருத்தரைக்கூட நான் திருப்பி அடிச்சதில்ல அக்கா. அடிக்கணும்னு தோணினதுகூட இல்ல."

கண்ணைத் திரைச்சீலையிலிருந்து எடுக்காமலே தொடர்ந்தாள்.

"வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினா மட்டும் என் கை எந்திரிக்குது. ஒன்னைப் பாத்தா போதும். நான் கட்டிக்கப் போறவரைப் புடிச்சுப்போய் மட்டும் கெளம்பல. இங்கேயே இருந்தா ஒருநாள் நான் ஒன்னைக் கொன்னுடுவேன். இல்லாட்டி நீ என்னைக் கொல்லுவ. அன்னைக்கு நீ தரையில கெடந்தப்ப, கொன்னுட்டேன்னுதான் நெனச்சேன்."

அவள் கைகள் கட்டில் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன. என்னைப் புரட்டும்போதும் ஏந்தும்போதும் ஒரு தடவைகூடத் தடுமாறாத கைகள். அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அது பழக்கமில்லை. எங்கள் கைகளுக்கு அப்படி ஒரு வேலை இருப்பது இருவருக்குமே தெரியாது. அவள் சீருடையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். தாதி வந்து கட்டிலைத் தள்ளும்வரை அவளும் நகரவில்லை.

முதுகெலும்பு வட்டு ஒன்று பிதுங்கி நரம்பில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பாதத்தில் பலம் மெல்லத் திரும்பியதால் அறுவை சிகிச்சை உடனே வேண்டாம் என்றார்கள். நிபுணரைப் பார்க்கும் நாளையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். காலை ரவுண்டில் வந்த வயதான மருத்துவர், "மிதிக்க விட்டீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். யாராவது என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களில் சொன்னதைச் செய்தேன். அமைதியாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, முதலில் ஒரு தடவை, பிறகு மூன்று, பிறகு மின்தூக்கி வழியாகக் கீழே கோப்பிக்கடை வரை. வலி கூடினால் நின்றேன், குறைந்தால் நடந்தேன். கோபம் வந்தால் தலையணையைக் குத்தக்கூட முடியாது, குத்தினால் இடுப்பு இழுக்கும். அதனால் முதல் தடவையாக என் கோபம் எங்கேயும் போக வழியில்லாமல் எனக்குள்ளேயே நின்று கொதித்து, தானாக ஆறுவதைப் பார்த்தேன். அதற்குக் கிட்டத்தட்ட பதினைந்து நிமிஷம் பிடித்தது. ஐம்பத்து நான்கு வருஷத்தில் நான் அதை ஒரு தடவைகூட ஆறவிட்டதில்லை.

நிபுணர் பார்த்தார், பிசியோவிடம் அனுப்பினார். பிசியோ ஓர் ஒல்லியான மலாய் இளைஞர். தரையில் படுத்து வயிற்றை இறுக்குவது, பாலம் போல இடுப்பைத் தூக்குவது என்று ஆரம்பித்தார். நான்கு மாதத்தில் தையல் மெஷினுக்குத் திரும்பினேன். இப்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நிற்கிறேன். கடைக்காரம்மா முணுமுணுக்கிறார். நின்றால்தான் நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் இடது பாதம் இன்னமும் கொஞ்சம் மரத்திருக்கிறது. குடும்பச் சேவை நிலையத்துக்கும் போனேன். நான்கு தடவை. முதல் தடவை அங்கிருந்த பெண்ணிடம் கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுவாரம் நானே போய் உட்கார்ந்தேன்.

தங்கை கல்யாணம் பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். நின்றுகொண்டே போட்டேன்.

சென்ற மாதம் பாசிர் ரிஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவர் பருமனான, மெதுவாகப் பேசும் மனிதர். எனக்கு முதுகு நேராக இருக்கும் நாற்காலியைத் தேடிப் போட்டார். சாப்பாட்டுக்கு நடுவே சின்ன விஷயம்தான், அம்மா ரசத்துக்குப் புளி கரைத்தது எப்படி என்று. நான் ஒன்று சொன்னேன், அவள் இல்லை என்றாள். குரல் ஏறியது. அவள் கரண்டியை மேசையில் ஓங்கி அடித்தாள். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன். எங்கள் இருவருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். உடம்பு தானாகவே அதற்குத் தயாரானது.

அவர் எழுந்து எங்களுக்கு நடுவே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இந்த வீட்டுல யாரும் யாரையும் அடிக்கக் கூடாது," என்றார். சத்தம் போடவில்லை. சிகரெட் பிடிக்கக் கூடாது, செருப்போடு உள்ளே வரக் கூடாது என்று சொல்வது போலச் சொன்னார்.

நாங்கள் வளர்ந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. அம்மாகூடச் சொன்னதில்லை. என் தங்கை கரண்டியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவள்தான், "உக்காரு, ஆறிடும்," என்றாள். சோற்றைச் சொன்னாளா வேறு எதையாவது சொன்னாளா தெரியாது. உட்கார்ந்தேன். சாப்பிட்டோம். ரசம் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு ரயில் மாற வேண்டியதில்லை. பாதி வழி உட்கார்ந்து வந்தேன், இடுப்பு இறுக ஆரம்பித்ததும் எழுந்து, மீதி வழி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.